இடுப்புக்குக் கரண்ட்

கலகெதரயில் இடுப்புவலியைப் பற்றிப் பேசாத வீட்டை நான் கண்டதில்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் மௌத்து வீட்டுக்குப் போனாலும், பாயில் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்தபடி பெண்கள் விசாரித்துக்கொள்வது அதைத்தான்: "இப்ப ஒங்கட இடுப்பு எப்படி?" ஆண்கள் விசாரிப்பதில்லை. கடை வாசலில் ஒரு கையைப் பின்னிடுப்பில் ஊன்றிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாலே போதும்.

ஊரின் தொழில் அப்படி. கண்டியிலிருந்து குருநாகலுக்குப் போகும் பாதை கட்டுகஸ்தோட்டையைத் தாண்டி எங்கள் ஊருக்கு ஏறி, இங்கிருந்து வளைந்து வளைந்து மாவத்தகம பக்கம் இறங்குகிறது. மலைநாட்டுச் சரக்குக் கீழே போவதும், கீழ்நாட்டுச் சரக்கு மேலே வருவதும் இந்தக் கணவாய் வழியாகவும்தான். கண்டி மன்னர்கள் காலத்தில் பொதிமாடுகளில் பாரம் கொண்டுபோவதற்கென்றே மடிகே பத்த என்று ஒரு பிரிவு இருந்தது. அதில் ஊழியம் செய்தவர்களில் முஸ்லிம்கள் நிறையப் பேர். பாக்கும் மிளகும் இறங்கின; உப்பும் கருவாடும் ஏறின. எங்கள் பகுதியில் மடிகே என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. மாடுகள் போய் லொறிகள் வந்துவிட்டன. ஆனால் லொறிக்கும் கடைக்கும் நடுவிலுள்ள அந்தப் பத்தடியை இன்றைக்கும் மனித முதுகுதான் கடக்கிறது.

வாப்பாவுக்கு மிளகு, கராம்பு, சாதிக்காய், கொக்கோ வாங்கி விற்கும் கடை. தோட்டக்காரர்கள் சிறு பைகளில் கொண்டுவருவதை நிறுத்து வாங்கி, மறுபடி வெயில் காட்டி, சாக்கில் கட்டி, கண்டிக்கும் கொழும்புக்கும் அனுப்புவார். கிலோக் கணக்கு அவர் வாயில் கடைசிவரை வரவில்லை. எல்லாம் அந்தர்தான். ஓர் அந்தர் என்றால் 112 இறாத்தல். ஏறத்தாழ 51 கிலோ. மூட்டை தூக்கும் நாட்டாமைமார் வராத நாளில் அவரே மூட்டையைத் தோளில் ஏற்றுவார். பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டு, கை மூட்டையைத் தொடுவதற்கு முன்பே, அடிவயிற்றை உள்ளே எடுத்து ஒரு கணம் நிற்பார். பிறகுதான் தூக்குவார். சின்ன வயதில் மேசைக்குப் பின்னால் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததல்ல. அந்த ஒரு கணத்தில் என்ன நடந்தது என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு ஐம்பது வயது தாண்டவேண்டியிருந்தது.

பெண்களின் பாரம் வேறு. பிள்ளை கிடைத்து நாற்பது முடியும் வரைக்கும் உம்மும்மா எங்கள் வயிற்றைப் பழைய சீலைத் துணியால் இறுக்கிக் கட்டிவிடுவா. "வயிறு தொங்கினா இடுப்புக்கு ஏலாமப் போகும் புள்ள" என்பது அவவின் விளக்கம். மூன்றாவது மகனுக்குப் பிறகு எனக்குக் கட்டிவிட உம்மும்மா இல்லை. நாற்பது முடிந்ததும் பாடசாலைக்குப் போய்விட்டேன். விஞ்ஞானம் படிப்பிப்பவள் நான். நாள் முழுவதும் கரும்பலகைக்கு முன்னால் நின்றபடி வேலை. வலி அந்த ஆண்டுகளில்தான் தொடங்கியது. முதலில் மாலையில் மட்டும், பிறகு காலையில் எழும்பும்போதும். பிறகு கட்டாயம் ஏதாவதொன்றைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பவேண்டும் என்றாயிற்று.

வலியைவிட என்னை வருத்தியது கதிரை. ருகூஉவில் குனிந்தால் நிமிர முடியாது. ஸுஜூதிலிருந்து எழும்ப இரண்டு கையும் ஊன்றவேண்டும். கதிரையில் இருந்து தொழலாம் என்று மார்க்கம் சலுகை தருகிறது, மௌலவியும் சொன்னார். ஆனால் நெற்றி நிலத்தில் படாத தொழுகையில் என் மனம் நிலைகொள்ளவில்லை. றமழானில் தராவீஹுக்கு எல்லோரும் வரிசையில் நிற்கும்போது சுவரோரம் பிளாஸ்டிக் கதிரையைத் தேடிப் போவது எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது. அப்போது ஐம்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை.

பார்க்காத வைத்தியம் இல்லை. சித்தாலேப பூசாத இரவில்லை. பக்கத்து ஊர் நாட்டு வைத்தியர் வெதமாத்தயாவின் எண்ணெயில் துணியை நனைத்துக் கட்டினேன். சூடாக வைத்திருக்கும்போது நல்ல சுகம், அதில் சந்தேகமில்லை. இடுப்புப் பட்டி ஒன்று வாங்கி, அபாயாவுக்குள் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். கண்டியில் ஒரு டொக்டர் பொறுமையாக எல்லாம் கேட்டார்: சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போகிறதா, தொடைகளுக்கு நடுவில் உணர்ச்சி மரத்திருக்கிறதா, காலில் பலம் குறைந்திருக்கிறதா, காய்ச்சலோ மெலிவோ உண்டா. அப்படி ஏதாவது இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது, நேராக வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்றார். எனக்கு அவை ஒன்றும் இல்லை. எம்.ஆர்.ஐ. படத்தில் நாலாம் ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு நடுவிலிருந்த டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருந்தது. வீட்டில் எல்லோரும் பயந்துபோனார்கள். டொக்டர் பயப்படவில்லை. வலியே இல்லாத ஆட்களைப் படம் பிடித்தாலும் இப்படித்தான் தெரியும் என்றார். பிற்பாடு அதைத் தேடிப் படித்தேன். 2015இல் அமெரிக்காவில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள்: இடுப்புவலி இல்லாதவர்களில், இருபது வயதில் நூற்றுக்கு 37 பேருக்கும் எண்பது வயதில் 96 பேருக்கும் டிஸ்க் தேய்மானம் படத்தில் தெரிந்திருக்கிறது. இடுப்புவலிக்காரர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இதுதான் காரணம் என்று ஓர் எலும்பையோ நரம்பையோ சுட்டிக்காட்ட முடியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2020இல் உலகத்தில் 61 கோடியே 90 இலட்சம் பேருக்கு இடுப்புவலி. கலகெதர அதில் ஒரு சிறு மூலை.

பிறகு கரண்ட். எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வது "கரண்ட் புடிக்கிற" என்று. முதுகில் ஈரப் பஞ்சு வைத்த ரப்பர்த் தகடுகளைக் கட்டி, பெட்டியைத் திருப்பிவிட்டு, மேலே சிவப்பு விளக்கையும் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மணி அடிக்கும்வரை கிடக்கவேண்டும். குறுகுறுவென்று சுகமாகத்தான் இருக்கும். எழும்பி வெளியே வந்தால் வலி பாதியாகக் குறைந்திருக்கும். வீட்டுக்குத் திரும்பும் பஸ் ஹெதெனிய தாண்டும்போது அது திரும்பி வந்துவிடும். கரண்ட் பிடித்த அந்த இடத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அதே கட்டிலில் கூலி வேலைக்காரர்கள் மாதக்கணக்கில் வந்து கிடந்து, ஒரு நாள் சம்பளத்தைக் கொடுத்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். எழுந்து நின்று உடம்பை எப்படி வைத்துக்கொள்வதென்று ஒருவருக்கும் ஒன்றும் காட்டப்படவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கொதிக்கிறது.

வலிக்குக் கொடுக்கும் அந்தக் கரண்டுக்கு ஒரு நல்ல கோட்பாடு உண்டு. 1965இல் ரொனல்ட் மெல்சாக், பட்ரிக் வோல் என்ற இருவர் எழுதியது: தொடுகையைக் கொண்டுபோகும் தடித்த நரம்பிழைகளைத் தூண்டிவிட்டால், வலியைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகளின் செய்தி முண்ணாணிலேயே தடைப்படும். குழந்தை விழுந்து அடிபட்டால் அந்த இடத்தைத் தேய்த்துவிடுகிறோமே, அதில் வரும் ஆறுதல் இதுதான். ஆனால் பிரித்தானியாவில் வைத்தியர்களுக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2016 நவம்பரில் வெளியிட்ட அறிவுறுத்தலில், இடுப்புவலிக்கு இந்த வகை மின்சிகிச்சைகளைக் கொடுக்கவேண்டாம் என்றே எழுதிவிட்டது. நீடித்த பலன் தெரியவில்லை.

ஆகவே 2021 கடைசியில் கண்டியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பிள்ளை, "டீச்சர், உங்களுக்குக் கரண்ட் குடுத்துப் பாப்பம்" என்றபோது நான் வேண்டாம் என்று எழும்பினேன். மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு இங்கேயே தங்கிவிட்டவ. தமிழில் பேசியதால்தான் நான் அவவிடம் இத்தனை கேள்வி கேட்க முடிந்தது என்று நினைக்கிறேன். "இது முதுகுக்கு இல்ல டீச்சர், வயித்துக்கு" என்றா.

முதுகு நோவுக்கு வயிற்றில் கரண்டா என்று நான் கேட்க, அவ என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, இடுப்பெலும்பின் முன்முனைக்குச் சற்று உள்ளே இரண்டு விரலை ஆழமாக வைத்தா. "இப்ப சிறுநீரை அடக்கிற மாதிரி அடிவயித்த மெல்ல உள்ளுக்கு எடுங்க. மூச்சப் புடிக்காதீங்க." எடுத்தேன். வயிறு முழுவதும் திடீரென்று கட்டியாயிற்று, விலாவும் இறுகிற்று. அதுவல்ல என்றா. மறுபடி. அப்போதும் அதுவல்ல. நான் எத்தனையோ வருடம் தசை, நரம்பு, எலும்பு என்று படம் கீறிப் படிப்பித்தவள். என் உடம்பிலுள்ள ஒரு தசைக்கு என்னால் கட்டளை போகவில்லை.

அந்தத் தசையின் பெயர் ட்ரான்ஸ்வெர்சஸ் அப்டோமினிஸ். குறுக்கு வயிற்றுத் தசை எனலாம். வயிற்றுச் சுவரில் நான்கு தசைகள். நடுவில் நெடுக்காக ஓடுவது ஒன்று. உடற்பயிற்சிக்காரர்கள் கட்டம் கட்டமாகக் காட்டுவது அதைத்தான். பக்கங்களில் சரிவாக ஓடும் இரண்டு, ஒன்றன்மேல் ஒன்று. அவற்றுக்கும் அடியில், எல்லாவற்றிலும் உள்ளே இருப்பது இது. கீழ் ஆறு விலாக்களின் உட்பக்கம், பின்னால் முள்ளந்தண்டோடு சேரும் தடித்த சவ்வு, கீழே இடுப்பெலும்பின் விளிம்பு என்று மூன்று இடங்களிலிருந்து புறப்பட்டு, குறுக்காகச் சுற்றி வந்து முன்வயிற்றின் நடுக்கோட்டில் சேருகிறது. உம்மும்மா வெளியில் கட்டிய சீலை உடம்புக்குள் ஏற்கனவே ஒன்று இருக்கிறது. ஓய்வில் அதன் தடிப்பு மூன்று நான்கு மில்லிமீற்றர்தான்.

அந்த மெல்லிய தசைக்கு என்ன வேலை? இதை ஆராய்ந்தவர்களில் மனோகர் பஞ்சாபியை எனக்கு மிகவும் பிடிக்கும். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் வேலைசெய்த பொறியியலாளர். இறந்தவர்களின் முள்ளந்தண்டிலிருந்து தசைகளையெல்லாம் நீக்கி, எலும்பும் அதை இணைக்கும் நார்களும் மட்டும் விட்டு, மேலிருந்து பாரம் கொடுத்துப் பார்க்கும் பரிசோதனைகள் அவருடைய குழுவில் நடந்தன. இடுப்புப் பகுதி ஏறத்தாழ 90 நியூட்டனில் வளைந்து சாய்ந்துவிட்டது. அதாவது ஒன்பது கிலோ. வாப்பா தோளில் ஏற்றிய 51 கிலோவை நினைத்துப் பாருங்கள். அவருடைய தலையும் மார்பும் கைகளும் அதற்குமேல். மிச்சம் முழுவதையும் தாங்கி நின்றது தசையும், அதை நேரத்துக்கு இயக்கிய நரம்பும். எலும்பும் நாரும் ஒன்று, தசை ஒன்று, கட்டளையிடும் நரம்பு ஒன்று என்று மூன்றும் சேர்ந்துதான் முள்ளந்தண்டு உறுதியாகிறது என்று 1992இல் பஞ்சாபி எழுதினார்.

நேரத்துக்கு என்று சொன்னேனே, அதுதான் முக்கியம். அவுஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் போல் ஹொட்ஜஸ், கரொலின் ரிச்சர்ட்சன் இருவரும் ஒரு பரிசோதனை செய்தார்கள், 1996இல் வெளியிட்டார்கள். மயிரிழைக் கம்பிகளை வயிற்றுத் தசைகளுக்குள் செலுத்தி, கையை வேகமாக உயர்த்தச் சொன்னார்கள். வலி இல்லாதவர்களில், தோள் தசை இயங்குவதற்கு முன்னரே இந்தக் குறுக்குத் தசை இறுகிவிட்டது. கை எந்தத் திசையில் போனாலும் அது முந்திக்கொண்டது. இடுப்புவலி உள்ளவர்களில் அது பிந்திற்று. இத்தனைக்கும் பரிசோதனை நேரத்தில் அவர்களுக்குப் பெரிய வலி ஒன்றும் இருக்கவில்லை.

இதை அந்தப் பிள்ளை எனக்குச் சொன்னபோது, கரும்பலகையில் எழுதக் கையை உயர்த்துவதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. ஒரு நாளில் எத்தனை தடவை உயர்த்தியிருப்பேன்! அடுத்தது தக்பீர். தொழுகை தொடங்குவதே கைகளை உயர்த்துவதில்தான். ஒவ்வொரு தடவையும், கைக்கு முன்னதாக, உள்ளே ஒன்று வந்து நிற்கவேண்டும். எனக்கு அது வராமலே இத்தனை வருடம் போயிருக்கிறது. வாப்பா மூட்டைக்கு முன்னால் நின்ற அந்தக் கணமும் அன்றைக்குத்தான் விளங்கிற்று.

கரண்டுக்கு முன் அவ கேட்ட கேள்விகளை இங்கே எழுதுவது யாருக்காவது உதவும். இருதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா? கர்ப்பமா? வயிற்றில் குடலிறக்கம், அண்மையில் சத்திரசிகிச்சை, புற்றுநோய் ஏதாவது? வலிப்பு வருவதுண்டா? சீனி வருத்தத்தால் தோலில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா? எதற்காவது ஆமென்றால் கட்டியிருக்கமாட்டா. கடையில் பெட்டி வாங்கி வீட்டில் தாங்களே கட்டிக்கொள்பவர்களிடம் இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.

திரைச்சீலையை இழுத்துவிட்டு, விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் பக்கத்துக்கொன்றாகப் பெரிய தகடுகளும், முன்னால் அடிவயிற்றோரம் வேறு இரண்டும் ஒட்டினா. ஆழத்தில் கிடக்கும் தசைக்கு மேல்தோலிலிருந்து கரண்ட் எப்படிப் போகும் என்று கேட்டேன். நல்ல பதில் கிடைத்தது. கரண்ட் தேடுவது தசையை அல்ல, அதற்குப் போகும் நரம்பை. தசையைவிட நரம்பு குறைந்த மின்னோட்டத்திலேயே விழித்துவிடும். அந்த நரம்புகள் குறுக்குத் தசைக்கும் அதற்கு மேலுள்ள சரிவுத் தசைக்கும் நடுவிலேதான் விலாவிலிருந்து முன்பக்கமாக ஓடுகின்றன. 1780களில் கல்வானி தவளைக் காலில் கண்டதை நான் வகுப்பில் வருடாவருடம் சொல்லியிருக்கிறேன். அது என் வயிற்றில் நடக்கப்போகிறது என்று அந்தக் கட்டிலில் கிடந்தபோது உள்ளூர ஒரு சந்தோஷமும் வந்தது.

முதலில் குறுகுறுப்பு. அதுவரைக்கும் பழைய கரண்ட்தான். தோலின் உணர்ச்சி நரம்புகள் முதலில் விழிப்பதால் அப்படி. அவ திருகை மெல்ல மெல்லக் கூட்டினா. செக்கனுக்கு ஒன்றிரண்டு துடிப்பாகக் கொடுத்தால் தசை வெட்டி வெட்டி இழுக்கும். முப்பத்தைந்து ஐம்பது துடிப்பென்று போனால் வெட்டுகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே இறுக்கமாகும். அந்த இடத்துக்கு வந்ததும், நான் ஒன்றும் செய்யாமல், அடிவயிறு தானாக உள்ளே போயிற்று. முன்பக்கம் மட்டுமில்லை, இடுப்பைச் சுற்றி, பின்முதுகுவரை, அகலமாக ஒன்று இறுகிவந்தது. சில செக்கன் நின்று, பிறகு விட்டது. மறுபடி வந்தது. "இப்ப தெரியுதா டீச்சர்? இதுதான் அவர்." மூச்சை விடச் சொன்னா, விட்டேன். இறுக்கம் இருக்கும்போதே பேசச் சொன்னா; பேச முடிந்தது. கல்லாக இறுகிய வயிற்றோடு பேச முடியாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எந்த வார்த்தையாலும் அதுவரைக்கும் யாராலும் எனக்கு விளக்க முடிந்திருக்கவில்லை.

அதன்பிறகு அவ செய்ததுதான் மற்ற இடங்களில் நான் காணாதது. கரண்ட் வரும்போது நீங்களும் கூட இழுங்கள் என்றா. சில நாள் கழித்து, கரண்டைக் குறைத்துக்கொண்டே வந்து, மிச்சத்தை நீங்கள் இழுங்கள் என்றா. பிறகு கரண்ட் வருவதற்கு ஒரு கணம் முந்தி இழுங்கள் என்றா. மின்சாரத்தால் இறுகும் தசை சீக்கிரம் களைத்துவிடும். நாமாக இறுக்கும்போது சிறிய இழைகள் முதலில் வேலைக்கு வந்து, தேவைப்பட்டால்தான் பெரியவை வரும். கரண்ட் அந்த ஒழுங்கைப் பார்ப்பதில்லை. ஆகவே அதை நெடுக வைத்திருக்கக் கூடாது என்பது அவவின் கொள்கை. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் காற்றுப் பையை இடுப்புக்குக் கீழே வைத்து, ஊசியை 40இல் நிறுத்தி, காலை மெல்ல அசைக்கும்போது ஊசி ஆடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னா. காசு கூடிய உபகரணம் ஒன்றும் இல்லை.

இது அவவின் சொந்தக் கண்டுபிடிப்பில்லை. அயர்லாந்தில் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட வேலையில், தோலின் மேல் வைக்கும் தகடுகளாலேயே வயிற்றின் ஆழத் தசையைச் சுருக்கலாம் என்பதை ஸ்கேன் படத்தில் பார்த்தே காட்டியிருக்கிறார்கள். முதுகுப் பக்கத்திலும் இப்படி ஓர் ஆழத் தசை உண்டு, மல்டிஃபிடஸ். ஜூலி ஹைட்ஸ் என்ற அவுஸ்திரேலியப் பிசியோதெரபிஸ்ட், இடுப்புவலி வந்த பக்கத்தில் அது சூம்பிப்போவதையும், வலி போனபிறகும் தானாகத் திரும்பி வளராததையும் 1990களில் ஸ்கேனில் கண்டார். முதல்தடவை வலி வந்தவர்களில் இந்த ஆழத் தசைகளுக்குப் பயிற்சி எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் தொடர்ந்து பார்த்து 2001இல் எழுதினார்: ஒரு வருடத்துக்குள் பயிற்சி எடுத்தவர்களில் நூற்றுக்கு 30 பேருக்கும் மற்றவர்களில் 84 பேருக்கும் வலி திரும்பியிருந்தது. சிறிய ஆய்வுதான். இருந்தும் அந்த இரண்டு எண்களும் என்னைப் பிடித்துக்கொண்டன. இப்போது மல்டிஃபிடஸுக்குப் போகும் நரம்பின் பக்கத்தில் மின்கம்பியையே உள்ளே பதித்துவிடும் கருவியும் வந்திருக்கிறது; ரிஅக்டிவ்8 என்று பெயர், 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எங்களைப் போன்றவர்களுக்கு அது எட்டாத தூரம்.

பிறகு 2022 வந்தது. இந்த நாட்டில் இருந்தவர்களுக்கு அந்த வருடத்தை விளக்கத் தேவையில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. டீசல் வரிசை ஊருக்கு வெளியே வரைக்கும் நீண்டது. கண்டிக்குப் போகப் பஸ் இல்லை. கிடைத்த பஸ்ஸில் வாசற்படியில்தான் இடம். பனடோல்கூடத் தேடி வாங்கவேண்டியிருந்தது. கிளினிக்கில் கரண்டே இல்லாதபோது இடுப்புக்கு ஏது கரண்ட்? அந்தப் பிள்ளை ரெலிபோனில் பேசினா: "உங்களுக்கு இனி மெசின் தேவையில்ல டீச்சர். அவர் எங்க இருக்கார் எண்டு உங்களுக்குத் தெரியும்."

தெரிந்திருந்தது. இருட்டில், மெழுகுதிரி வெளிச்சத்தில் பாயில் படுத்து, இரண்டு விரலை அதே இடத்தில் வைத்து இழுப்பேன். விரலுக்குக் கீழே மெல்லிய இறுக்கம் வரும். தோல் துள்ளினால் அது மேல்தசை, விட்டுவிட்டுத் திரும்பத் தொடங்குவேன். பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று, பிறகு குசினியில் தண்ணீர்க் குடத்தைத் தூக்குமுன். காஸ் இல்லாத நாட்களில் விறகடுப்புக்குக் குனியவேண்டியிருந்தது, அதுவும் பயிற்சியாயிற்று. அந்த வருட ஹஜ்ஜுப் பெருநாள் வாக்கில் கதிரையை விட்டேன். முதலில் சுபஹில் மட்டும். ஸுஜூதிலிருந்து எழும்புமுன் உள்ளே அந்தச் சீலை கட்டிக்கொள்ளும். பிறகு முழங்கால், பிறகு உடம்பு.

எல்லாம் அந்தத் தசையின் மகிமை என்று சொல்லமாட்டேன். 2016இல் கொக்ரேன் அமைப்பு 29 ஆய்வுகளையும் 2,431 நோயாளிகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஆழத் தசையைப் பழக்கும் பயிற்சி, ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட நல்லது. மற்ற உடற்பயிற்சிகளைவிட மேலானது என்பதற்குப் போதிய சான்று இல்லை. நடை, சாதாரணப் பயிற்சி எதுவும் கிட்டத்தட்ட அதே அளவு உதவுகிறது. கனடாவின் ஸ்டுவர்ட் மக்கில், ஒரு தசையைத் தனியே இழுப்பதைவிட வயிற்றுச் சுவர் முழுவதையும் சேர்த்து இறுக்குவதே பாரம் தூக்கும்போது பாதுகாப்பு என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வாப்பா செய்தது இரண்டும் கலந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. என் விஷயத்தில் கரண்ட் செய்த வேலை சிறியது, ஆனால் வேறெதுவும் செய்யாதது: எனக்கு எட்டாமல் போன ஒன்றை உடம்புக்குள் இன்ன இடத்தில் என்று காட்டியது. கட்டளை போகும் பாதை திறந்தபிறகு அதற்கு வேலை இல்லை. வலியைக் கொஞ்ச நேரம் மறைக்கும் கரண்டையும் இதையும் ஒரே பெயரில் சொல்லி, ஒரே கட்டிலில் படுக்கவைத்து, எழும்பும் ஆளுக்கு ஒன்றும் கற்றுக்கொடுக்காமல் அனுப்புவதை நான் எதிர்க்கிறேன். உழைத்துச் சாப்பிடுகிறவனுக்கு உடம்பைத் தவிர வேறென்ன இருக்கிறது?

வாப்பாவின் கடையை இப்போது என் மூத்த சகோதரர், நானா, நடத்துகிறார். அங்கே மூட்டை ஏற்றும் பையன் என்னிடம் எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். முப்பது வயது ஆகவில்லை. பின்னிடுப்பில் கை ஊன்றத் தொடங்கிவிட்டான். போன வருடம் அவன் "டீச்சர், கரண்ட் புடிச்சா சரியா வருமா?" என்று கேட்டான். எங்கே, எவ்வளவு காசு என்று விசாரித்தேன். பிறகு என் மகனைக் கூட்டிக்கொண்டு போய், கடைக்குப் பின்னால் சாக்குகளை விரித்து அவனைப் படுக்கவைத்து, வீட்டிலிருந்து கொண்டுபோன பிரஷர் பையை இடுப்புக்குக் கீழே வைத்துக் காட்டினோம். எனக்குப் பிடிபடாதது அவனுக்கு அன்றைக்கே பிடிபட்டது. இளம் உடம்பு; தினமும் பாரம் தூக்குகிற உடம்பு. மெசின் தேவைப்படவில்லை. மூட்டைக்குக் குனியுமுன் உள்ளே எடுக்கவேண்டும், மூட்டையை உடம்போடு சேர்த்து எடுக்கவேண்டும், தூக்கியபடி இடுப்பைத் திருகாமல் காலை வைத்துத் திரும்பவேண்டும் என்று மகன் சொல்லிக்கொடுத்தான்.

ஆனால் தசையை மட்டும் பழக்கிவிட்டுப் பாரத்தை அப்படியே விடுவது அநியாயம். நானாவிடம் சாக்கைச் சிறிதாக்கச் சொன்னேன். சர்வதேசத் தொழில் அமைப்பு 1967இல் ஆண் ஒருவருக்கு 55 கிலோ என்று மேல் எல்லை வைத்ததை அவர் எங்கோ கேள்விப்பட்டிருக்கிறார். "நாங்க அம்பதுதானே கட்டுற" என்றார். அது எல்லை, தினமும் போய்த் தொடவேண்டிய இலக்கு இல்லை என்றேன். கொழும்பில் வாங்குகிறவர்கள் அம்பது கிலோச் சாக்குத்தான் கேட்கிறார்கள், லொறிக்காரர் சாக்குக் கணக்கில்தான் கூலி வாங்குகிறார், சிறிய சாக்கென்றால் செலவு இரட்டிப்பு என்று அவருக்கும் காரணங்கள் இருக்கின்றன. பொய்யான காரணங்கள் இல்லை. போன பருவத்தில் கராம்பை மட்டும் முப்பது கிலோவாகக் கட்டினார். மிளகு இன்னும் அம்பதில் நிற்கிறது. அடுத்த மிளகு ஏறத் தொடங்குமுன் லொறிக்காரரையும் கூப்பிட்டுப் பேசப்போகிறேன்.